வரைவு சேமிக்கப்பட்டது

எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்து படகில் இரண்டு மணி நேரம்.
கடலுக்குள் நட்டுவைத்த காற்றாலைகளில்
எனக்குப் பதினாறு வாரப் பணிப்பயிற்சி.

மாலையானால் கைபேசி கேட்கும்:
வணக்கம் அஸ்தா, இன்று என்ன நடந்தது?
அப்போது என்ன உணர்ந்தாய்?
மறுபடி வாய்த்தால் எப்படிச் செய்வாய்?
கீழே ஐந்து முகங்கள், அழுகையிலிருந்து இளிப்பு வரை.
குறைந்தது நூறு சொல் வேண்டும் கல்லூரிக்கு.

ஐந்து வாரம் ஒப்பேற்றினேன்.
கிரீஸ் மாற்றினோம். நிறையக் கற்றேன். கடல் அமைதி.
கிரீஸ் மாற்றினோம். நிறையக் கற்றேன். கடல் கொந்தளிப்பு.
நூறு வரும்வரை நீட்டி
நடு முகத்தைத் தொட்டால் பச்சை டிக் விழும்.
வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் ப்ரெபென்
படிக்காமலே கட்டைவிரலால் ஒப்புதல் தள்ளுவார்,
மீன் செதில் சீவுகிற வேகத்தில்.

ஆறாம் வாரம், செவ்வாய்.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர்
எண்பது மீட்டர்.

உச்சியில் சிக்னல் கிடையாது.
இரவு தங்குகப்பலின் கீழ்க்கட்டிலில் படுத்து எழுதினேன்:
ஸ்பானர் விழுந்தது.
அழித்தேன்.
ஸ்பானர் கையிலிருந்து நழுவியது.
யார் கை?
என் கையிலிருந்து நழுவியது.
இப்போதும் ஸ்பானர்தான் எழுவாய்,
என்னவோ அதற்கே குதிக்க ஆசை இருந்ததுபோல.

நான் விரலை எடுக்கும்போதெல்லாம்
திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி:
வரைவு சேமிக்கப்பட்டது.
தட்டிப் பார்த்தால் அத்தனையும் இருக்கிறது,
அழித்ததாக நான் நினைத்த ஒவ்வொன்றும்
மணி, நிமிடம் குறித்து அடுக்கியபடி.
21:40 விழுந்தது. 21:52 நழுவியது.
22:31
நழுவ விட்டேன்.

விட்டேன் என்று முடித்தால்
வால் நுனியில் ஏன் என்று நிற்கிறது.

ஏனென்றால் கருவிக்கயிற்றின் கொக்கியை மாட்டவில்லை.
ஏனென்றால் மாட்டினால் நான்கு நொடி போகும்,
யெஸ்பர் அப்போதே மூன்றாம் போல்ட்டில் இருந்தான்,
அவனைவிட முன்னால் முடித்து
சும்மா நிற்பதுபோல நிற்க ஆசைப்பட்டேன்.

அறுபத்திரண்டு சொல். போதாது என்றது செயலி.
முதல்முறையாக அது சொன்னது சரி.

கீழ்மேடையில் ப்ரெபென் நின்றிருந்தார்.
அவரிடமிருந்து இரண்டு முழத்தில் விழுந்தது.
எடுத்தார், துடைத்தார், பைக்குள் போட்டுக்கொண்டார்.
மதியம் கறுப்பு ரொட்டியில் ஈரல் மசியல் தடவியபடி
நாளைய காற்றைப் பற்றிப் பேசினார்.
நானும் காற்றைப் பற்றியே பேசினேன்.

நூற்று நான்கு.

யார் பார்க்கலாம்? நான் மட்டும். கல்லூரி. நிறுவனம்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டிப் பூட்டு.
முதல் பூட்டின்மேல் விரல் வெகுநேரம் கிடந்தது.
மேல்கட்டிலில் யெஸ்பர் புரண்டான், பலகை முனகியது.
மூன்றையும் திறந்தேன்.
இதற்கும் அதே பச்சை டிக்,
கிரீசுக்கு விழுந்த அதே டிக்.

காலை ஐந்து பத்து.
ஒப்புதல் கட்டம் காலி.
அதன் கீழே இதுவரை எவரும் தொடாத குறிப்புப் பெட்டியில்
ஒற்றெழுத்து விட்டுப்போன இரண்டு வரி:
அப்போது நான் தலைகவசத்தை கழற்றி வைத்திருந்தேன்.
நெற்றி அரித்தது.

நிறுவனமும் படிக்கும் என்று அவருக்குத் தெரியும்.
இருபத்தாறு வருட வேலை.

சின்னப் படகில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.
பையிலிருந்து ஸ்பானரை எடுத்து நீட்டினார்.
வாயோரம் நகம் அளவு நெளிந்திருந்தது.
வாங்கினேன். கயிற்றில் மாட்டினேன்.
டக்கென்ற சத்தம் மோட்டார் இரைச்சலிலும் கேட்டது.
இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தோம்.

கைபேசி துடித்தது: இப்போது எப்படி உணர்கிறாய்?
ஐந்து முகங்களையும் ப்ரெபெனின் முகத்தோடு ஒத்துப் பார்த்தேன்,
நெற்றியில் கவசப்பட்டி பதித்த சிவப்புக் கோட்டோடு.
எதுவும் சேரவில்லை.
கண்ணாடி இல்லாததால் என்னுடையது தெரியவில்லை.

பதில் தொடுவதற்குள்
பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு,
முதலில் அவருக்கு,
அவர் பேசி முடிக்கும் முன்பே
எனக்கு.