பத்தொன்பது பொத்தான்கள்

வால்டிவியாவில் வெள்ளிக்கிழமை. மழை.
ஆற்றோர மீன்சந்தையில் கடல்சிங்கங்கள்
குடலுக்கும் செதிலுக்கும் சண்டை போடுகின்றன.
சந்தைக்கு எதிர் மாடியில்
பேருந்துக் கம்பெனியின் சம்பளக் கணக்கோடு எவுலாலியா.
நாற்பத்துமூன்று ஓட்டுநர்கள். ஆறு மணி கெடு.

அவள் காதில் ஓடும் குரல்
நம் காதுக்குக் கடுகு வெடிப்பதாகத்தான் கேட்கும்.
அவளுக்கு ஒவ்வொரு கடுகும் ஒரு சொல்.
திரையை அணைத்தே வைத்திருக்கிறாள்,
கரண்டு பில்லாவது மிஞ்சட்டும் என்பாள்.

நேற்றிரவு மென்பொருள்
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
இன்று விசையைத் தட்டினால்:
போத்தோன்.
தட்டினால்: போத்தோன்.
போத்தோன். போத்தோன்.
நம் சட்டைக்குக் கப்பலில் வந்திறங்கிய பொத்தானுக்கு
ஒன்றுவிட்ட அக்கா அந்தச் சொல்.

எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது.
பத்தொன்பதுக்கும் ஒரே பெயர்,
அதாவது எதற்கும் பெயரில்லை.
எட்டாம் வேற்றுமை எதைச் சொல்லி விளிக்கும்?
வகுப்பில் அத்தனை பேரும் 'பிள்ளை' என்றால்
வருகைப் பதிவு யாருக்கு?

போன மாதம் ஏழாவது 'அனுப்பு'.
கைப்பழக்கம், ஏழாவதை அழுத்தினாள்.
சத்தமில்லை.
மிகைநேரக் கணக்கு மொத்தமும் போயிருந்தது,
போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல்.

உதவி எண்ணில் ஓர் இளைஞன், நல்ல மரியாதைக்காரன்.
"பச்சைப் பொத்தானை அழுத்துங்கள், மேடம்."
"பச்சை என்ன சொல்லும்?"
"எதுவும் சொல்லாது, மேடம். பச்சையாக இருக்கும்."

மிகைநேரத்தை மறுபடி உள்ளிட்டாள்,
புள்ளியெழுத்துக் குறிப்பை இடதுகையால் தடவி
வலதுகையால் தட்டி.
யார் ஞாயிறன்று ஓட்டினார், யார் மலைச்சாலையில்
பனியில் மாட்டிக்கொண்டு விடியும்வரை நின்றார்.
ஐந்து ஐம்பதுக்கு
அடுத்த மேசையிலிருந்து பல்தசார் எழுந்து வந்தான்.
"நான் அழுத்தித் தரட்டுமா?"
அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.
ஒரே ஒரு சொடுக்கு.

சம்பளம் போய்ச் சேர்ந்தது.
ஓட்டுநர்கள் பல்தசாருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள்.
பதினேழு வருடமாக
அவளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை,
சம்பளம் மழை மாதிரி தானாக வருவது என்று நினைத்திருந்தார்கள்.
அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

திங்களன்று சாந்தியாகோவுக்கு எழுதினாள்.
ஒரு பெயரடை இல்லாத கடிதம்.
ஒன்றாவது பொத்தான்: பெயரில்லை.
இரண்டாவது பொத்தான்: பெயரில்லை.
அப்படியே பத்தொன்பது வரை.
கூடவே மூன்று நிமிட ஒலிப்பதிவு:
போத்தோன், போத்தோன், நடுநடுவே
தூரத்தில் கடல்சிங்கத்தின் கனைப்பு.

அதைக் கேட்டவன் ஒசந்தோன்.
உறை படம், குப்பைத்தொட்டி படம்,
'பார்த்தாலே புரியுமே' என்று வைத்தவன்.
தன் திரையை அணைத்தான், குரலை முடுக்கினான்,
நான்காவது பொத்தானில் தொலைந்து போனான்.
அவன் கட்டிய வீடு. அவனுக்கே வாசல் தெரியவில்லை.

பெயர் வைக்கப் பதினொரு நிமிடம்.
வைக்க அனுமதி வாங்க மூன்று வாரம்.
புதிய பதிப்பின் குறிப்பில் மேலதிகாரி எழுதியது:
'சிறு திருத்தங்கள்.'

அடுத்த சம்பள நாளில் ஆறு மணிக்கு முன்பே
பல்தசார் சும்மா உட்கார்ந்திருந்தான்.
ஒசந்தோனுக்கு ஒரு பதில் வந்தது:

"ஏழாவது இப்போது 'அழி' என்கிறது. நல்லது.
பன்னிரண்டாவது 'அனுப்பு' என்கிறது. நல்லது.
பதினான்காவதில் எழுத்துப்பிழை.
'சேமி' என்று சொல்லாமல் 'சேமே' என்கிறது,
ஆட்டுக்குட்டி மாதிரி.
உங்கள் அலுவலகத்தில் யாருக்கும்
அது கண்ணில் படாது."