நிழல் அடுத்த சீட்டில்

லேமிங்டன் ரோட்டில் எல்லார் பேண்டும்
முழங்காலுக்குச் சுருண்டிருந்த சனிக்கிழமை.
கைப்பையில் முப்பத்து நாலாயிரம்,
கழுவிக் காயவைத்த பால் கவருக்குள்.
நாற்பதாயிரம் சீட்டு.
நாலாம் மாதமே எடுத்ததால்
ஆறாயிரம் தள்ளு.

"பையனுக்கா?" என்றார் ஹரேன்பாய், இந்தியில்.
"எனக்கு."
மேஜைக் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார்.
"மகளுக்கா?"
"எனக்குத்தான்.
பகலில் கூரியர் கம்பெனிக் கணக்கு.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஒரு மலை ஏறணும், வாளோடு."

அதற்குப் பிறகு இருவரும் ஒழுங்காகப் பேசினோம்.

எட்டு கோர் எடுத்தால் போர்டுக்குக் காசில்லை.
போர்டு நல்லதாக எடுத்தால்
பவர் சப்ளையில் கை வைக்க வேண்டும்.
"அதில் மட்டும் கை வைக்காதீங்க மேடம், கருகிடும்."

ஒரே சிப், இரண்டு டப்பா.
ஒன்றின் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடுதல்,
விலை ஆயிரத்து எண்ணூறு குறைவு.
சந்தேகப்பட்டேன்.
எங்கள் சம்பளப் பட்டியலிலும்
பெயருக்குப் பின்னால் 'தற்காலிகம்' என்று
ஒரு சொல் கூடுதலாக வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

"இதுக்குள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது.
தனிக் கார்டு போடணும். போடலேன்னா
ஃபேன் சுத்தும், விளக்கு எரியும்,
திரை மட்டும் கறுப்பு."

கார்டு விலை கேட்டேன்.
கேட்டுவிட்டு
வாசலில் மழை விட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

அப்புறம்தான் கீழ்த்தட்டிலிருந்து
மூன்றாவது ஒன்றை எடுத்து ஊதினார்.
ஆறு கோர். படத்தையும் தானே வரையும்.
சுமாராகத்தான்.
ரேமிடம் கடன் வாங்கி வரையும், அதனால்
ஒற்றைப் பதினாறு வேண்டாம்,
எட்டும் எட்டுமாக இரண்டு.

கடன் வாங்கியாவது வரைகிறதே.

"ஒரே குறை. பழைய சாக்கெட்.
இந்தத் தடத்தில் இதுதான் கடைசி,
இனிமே புதுசா எதுவும் வராது."

மீரா ரோட்டிலிருந்து வருகிறவளிடம்
இதைச் சொல்லிப் பயமுறுத்த முடியாது.
கடைசி லோக்கலில்தான்
ஜன்னலோரம் கிடைக்கும்.

பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார்.
முதுகெங்கும் பொன் ஊசி, ஆயிரத்துச் சொச்சம்.
ஒன்று வளைந்தாலும் பொறுப்பில்லை என்று
பில்லில் முத்திரை.
கிராண்ட் ரோட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன்.
எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள்
"கேக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன். தள்ளி உட்கார்ந்தாள்.

பெர்பெதுவா டார்ச் பிடித்தாள்.
பேஸ்ட் எவ்வளவு என்று சண்டை:
அவள் பட்டாணி என்கிறாள், நான் உளுந்து.
பாலிக்ளினிக்கில் ஊசி போடுகிறவள் அவள்,
அளவில் ஜெயித்தாள்.
லிவரைக் கீழே அழுத்தும்போது மட்டும்
இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

ஆபீஸ் ஏலத்தில் முந்நூறு ரூபாய்க்கு எடுத்த மானிட்டர்.
இடது மூலையில் பழைய சரக்கு எண்ணொன்று
பேயாகப் பதிந்திருக்கும்.
அதற்கு மேல்
மலை வந்தது.

புல்லை அணைத்தேன். இருபத்தாறு.
நீரலையை அணைத்தேன், முப்பத்து மூன்று.
தூரத்து மரங்கள்,
மூடுபனி,
கடைசியாக நிழல்.
நாற்பத்தெட்டில் நின்றது.
கை அசைத்தால் வாள் அசைந்தது, அதே கணத்தில்.

ஒன்றரை மணி. பெர்பெதுவா
போர்வைக்குள்ளிருந்து தலை நீட்டினாள்.
"ஏய், நல்ல வெயில்ல நிக்கான்,
நிழலே விழல பாரு அவனுக்கு.
செத்தவனா?"

"இல்லடி. அது
அடுத்த சீட்டுல வரும்."

மலையின் முதல் வளைவில்
யாரோ காத்திருந்தான், கோடாரியோடு.
அவனுக்கும் இல்லை.