மீதித் துண்டுகள்

முட்டியில் நீர் கோத்திருக்கிறது என்றாள் டொக்டர்.
இனி முழங்காலிடாதே.
என்ன வேலை என்று பிறகுதான் கேட்டாள்.
கார்ப்பெட் விரிப்பது, என்றேன்.
இருவரும் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்
கொஞ்ச நேரம்.

வின்னிபெக்கில் பத்தொன்பது வருடம்.
இந்த நகரத்தின் தரையை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு.

ஆடியில், பழைய கட்டில் கடையொன்றைப் பள்ளிவாசலாக்கினார்கள்.
சுவர்கள் தெருவைப் பார்த்து நின்றன.
தொழுகை வடகிழக்கைப் பார்த்தது.
அப்திரிசாக் திசைகாட்டியோடு முன்னால் நடந்தான்,
சோக்கு நூலைச் சுண்டிக் கோடு போட்டபடி பின்னால் நான்.
வரிசைக்கு வரிசை நாலடி.
நிற்க ஓரடி போதும்,
மீதி மூன்றடியும் நெற்றி போய்ச் சேர.
சுவருக்குக் குறுக்கே விரித்தால்
ஓரமெல்லாம் முக்கோணம் முக்கோணமாய்க் கழியும்.
கணக்குப் பார்த்தவர் தலையில் கைவைத்தார்:
இவ்வளவு கோணலா, இவ்வளவு வீணா?
சுவர்தான் கோணல், என்றான் அப்திரிசாக்.

என் வானின் பின்னால் மூன்று சாக்கு,
எல்லாம் பச்சை.

அதற்கு முன், தவக்காலத்தில்,
உக்ரேனியரின் தேவாலயத்தில் ஒட்டுவேலை.
பீடத்தின் முன்னால் ஐந்து இடத்தில் நூல் தேய்ந்திருந்தது:
முழங்காலுக்கு இரண்டு, உள்ளங்கைக்கு இரண்டு,
முன்னால் சிறிதாய் ஒன்று.
ஃபாதர், நீங்கள் குள்ளமானவர் என்று நினைத்தேன்.
ஒரெஸ்ட் சிரித்தார்.
அது எனக்கு முன்பிருந்தவர், முப்பது வருடம்.
என் நெற்றி இன்னும் அப்பால் விழுகிறது, பாருங்கள்.
குனிந்து பார்த்தேன்.
அங்கே நூல் இப்போதுதான்
சாயத் தொடங்கியிருந்தது.
பழைய ஐந்தையும் வெட்டியெடுத்தேன்.
குப்பையில் போடவா என்றதற்கு
வேண்டாம் என்று கைநீட்டினார்.

நான் விழுந்தது ஒரே ஒருமுறை.
பாங்கொக், மூன்றாம் மாடி,
ஏஜென்சிக்காரனின் காலில், நெடுஞ்சாண்கிடையாக.
என் பாஸ்போர்ட் அவன் மேசையில் கிடந்தது.
அவன் பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
காலை இழுத்துக்கொள்ளவில்லை,
எழும்பு என்றும் சொல்லவில்லை,
ஃபோனில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான்.
வெள்ளை டைல்ஸ், ஒரு மூலை உடைந்தது.
இன்றைக்கும்
வெள்ளை டைல்ஸ் கழற்றும் வேலைக்கு
நான் கூலி கூடக் கேட்கிறேன்.
ஏனென்று யாரும் கேட்டதில்லை.

புரட்டாதியில் ஹெர்ஷல் எடுத்தார்,
நகரின் வடக்கே ஒரு ஜெப ஆலயத்தின் காரியம் பார்ப்பவர்.
எங்கள் தரை கருங்கல்.
நோன்பு நாள் வருகிறது, விழுந்து வணங்குவோம்,
வருடமெல்லாம் இல்லை, இந்த நாட்களில் மட்டும்.
வெறுங்கல்லில் நெற்றி படக் கூடாது.
வழக்கமாய்ப் பேப்பர் டவல்தான், அது ஒட்டிக்கொள்கிறது.
மீதித் துண்டு ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது.
எங்கே வெட்டியது என்றும் சொன்னேன்.
லைனில் சத்தமில்லை.
பிறகு:
எத்தனை அங்குலம் வரும்?

அப்திரிசாக்கிடம் கேட்டேன்.
நீ வெட்டிக் கழித்தது, எனக்கென்ன, என்றான்.
இரவு அவனே திரும்ப எடுத்தான்.
தூசி தட்டிக் கொடு.

தொண்ணூற்றிரண்டு முக்கோணம்.
பிசிர் பிடுங்கி, ஓரம் சுட்டு,
வாழைக்குலை போல் தோளில் சுமந்து போனேன்.
ஹெர்ஷல் ஒன்றைக் கல்லில் வைத்தார்,
அளவு பார்க்க மெல்ல இறங்கினார்.
முழங்கால், கை.
தலை போகவில்லை, பாதியில் நின்றது.
எழும்பவும் முடியவில்லை.
பிடிக்கப் போன எனக்கும்
அந்த நேரம் பார்த்து முட்டி பூட்டிக்கொண்டது.

கட்டடத்தில் வேறு யாருமில்லை.
ஹீட்டர் எங்கேயோ இருமியது.
கல்லின் குளிர் துணி தாண்டி ஏற
எதிரெதிரே நாலு காலில் நாங்கள் இருவர்,
நடுவில் ஒரு பச்சைத் துண்டு.

எழும்புங்கோ, என்று
தமிழிலேயே சொல்லிவிட்டேன்.
அவருக்கு எப்படியோ விளங்கியது.
முதலில் நீ, என்றார்.