பேய்வீட்டை யார் துடைத்தது?

ஓல்ட்டன் நகரில் நவம்பர்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
வாசிகசாலைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி
உள்ளே என்ன கதை என்று பார்க்கிறது.
உள்ளேயும் பேய்க்கதைதான்.

மாதத்தின் மூன்றாம் வியாழன்.
வட்டமாய் ஏழு கதிரை, ஒரு தட்டு பிஸ்கட்,
எல்லார் மடியிலும் ஒரே நாவல்:
குன்றின்மேல் ஒற்றை வீடு,
மலிவாய்க் கிடைத்ததென்று
மகிழ்ந்து குடிபோகிற குடும்பம்.
மலிவு என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது.

ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்ற
எஷ்லிமன் அம்மா தொடங்கினார்:
"முதல் நூறு பக்கம் உலுப்பிவிட்டது.
பேய் முகம் காட்டியதும் கொட்டாவி.
கதவு சாத்தியிருக்கும்வரைதான் பயம்."

தாதிப் படிப்புப் படிக்கிற இலேனியாவுக்கு
முகம் வேண்டுமாம், பல்லும் வேண்டுமாம்.
அவள் கோபம் வேறு:
"எல்லாப் புத்தகத்திலும் முதலில் நாய் சாகிறது.
இது பயமுறுத்தல் இல்லை, சோம்பல்."

அடுத்தவர் பெயர் பேயாட்.
இந்த நாட்டில் அது நல்ல கத்தோலிக்கப் பெயர்.
பெயரிலேயே இருக்கிறதே என்று
நான் சிரித்த சிரிப்பை
ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோக வழியில்லை.
அவர் கேட்டார்:
"முதல் இராத்திரியே ஓடியிருக்கலாமே.
ஏன் ஒருவரும் வீட்டை விட்டுப் போவதில்லை?"
தலைகள் ஆடின.

நான் சொன்னேன்:
மார்ச் கடைசி, இல்லாவிட்டால் செப்டெம்பர் கடைசி.
மூன்று மாதம் முன்கூட்டியே பதிவுத்தபால்.
மூன்று மாத வாடகை வங்கியில் பூட்டிக்கிடக்கும்.
காரணம் பேய் என்று எழுதினால்
நிர்வாகம் ஏற்காது.
இரவு பத்துக்குப் பிறகு மேல்மாடியில் நடந்தால்
கீழ்வீட்டார் பேய்க்கே கடிதம் போடுவார்கள்.
உடுப்புத் தோய்க்கிற அறையில்
இன்னொருவருடைய நாளில் தோன்றினாலோ
பேய் தொலைந்தது.

இலேனியாவுக்குப் பிஸ்கட் புரையேறியது.

"சரி, உங்களுக்குப் பிடித்ததா?"
ஒரு குறைதான்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
சுவரெல்லாம் இரத்தம் வழிகிறது.
அடுத்த அத்தியாயத்தில் விடியல், வெயில்,
சுவர் பளிச்சென்று வெள்ளை.
இடையில் யார் துடைத்தது?
எந்த வாளி, எந்தப் பவுடர்,
எத்தனை தரம் தண்ணீர் மாற்றினாள்?
ஒரு வரி இல்லை.

காலி செய்கிற வீடுகளைக் கழுவிக் கொடுப்பது
பதினொரு வருடமாய் என் தொழில்.
அடுப்பின் உள்வயிறு, யன்னல் சட்டத்தின் இடுக்கு,
குழாயடியில் சுண்ணாம்பு.
படம் தொங்கிய இடத்தில்
சதுரமாய் ஒரு வெண்மை
அதைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை.

பயந்தது ஒரே தரம்.
ஒரு குசினிக் கதவுநிலையில் பென்சில் கோடுகள்.
லியான், மூன்று வயது.
லியான், நான்கு.
லியான், ஐந்து.
அதற்குமேல் மரம் வெறுமை.
வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.
வேறென்ன.
கேட்பது என் வேலை இல்லை.
அழிறப்பரால் தேய்த்தேன்; கரி போனது.
அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை,
விரலுக்கு மட்டும் தெரிந்தது.
மறுநாள் நிர்வாகத்தின் ஆள்
கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதை நான் வட்டத்தில் சொல்லவில்லை.
ஐந்துக்கு மூன்று என்றேன்,
மூன்றாவதும் தாழ்வாரத்து மணத்தை
ஒழுங்காய் எழுதியதற்காக.

திரும்பும் பஸ்ஸில் நானும் சாரதியும் மட்டும்.
வெளியே தெருவிளக்குகள் கம்பம் இல்லாமல் தொங்கின.
புத்தகத்தை மறுபடி பிரித்தேன்.
அதே பக்கத்து ஓரத்தில்
எனக்கு முன்னே இரவல் எடுத்த யாரோ
நுணுக்கிய பென்சில் எழுத்தில்:
"இந்த இடத்தை வீட்டில் தனியே வாசிக்காதே."
யாருக்குச் சொன்னது?

கைப்பையின் பக்கப்பையில் அழிறப்பர் இருந்தது.
இருந்துவிட்டுப் போகட்டும்.