பிடித்து விடு

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
சாவி கீழே விழும் சத்தம்.
இரண்டு முறை.
நான் மெஷினை விட்டு எழவில்லை.
விளக்குத்தூண் கடைக்கு விடிவதற்குள்
பன்னிரண்டு நைட்டி கொடுத்தாக வேண்டும்.
நாலுக்குக் கழுத்துப்பட்டி பாக்கி.
அதுவும் போக,
பதினோரு நாளாய் நாங்கள் பேசுவதில்லை.

வந்தவர் சட்டையைக் கழற்றப் பார்த்தார்.
இடது கை தன் பங்கை முடித்துக்கொண்டது.
வலது கை தோளுக்கு மேல் வரமாட்டேன் என்றது.
ஞாயிற்றுக்கிழமை என்றால்
கோரிப்பாளையத்துக் கடையில் ஒன்றரை மூட்டை மைதா.
பிசைந்து, அடித்து, உருட்டி,
எண்ணெய் தடவி ஈரத்துணி மூடி ஊறப்போட்டு,
வீசி, சுருட்டி, கல்லில் போட்டு,
வெந்ததும் நாலைந்தாய் அடுக்கி
இரண்டு பக்கமும் ஓங்கித் தட்டி...
ஊர் பிய்த்துத் தின்றது போக
மிச்சம் இந்தத் தோள்.

கோடாலித் தைலத்தை எடுத்தார்.
பினாங்கிலிருந்து அவர் தங்கை கொடுத்தனுப்பியது.
மூடி திறக்கவில்லை.
பல்லால் கடித்துப் பார்த்தார்.
பிறகு, ஒன்றும் சொல்லாமல்,
நூல்கண்டுகளுக்கு நடுவே புட்டியை வைத்துவிட்டு
எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.
பகலென்றால் மகள் தூது போவாள்,
அத்தாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட கேளு என்று.
அவள் தூங்கிவிட்டாள்.
புட்டிதான் கேட்டது.

தைலம் அப்புறம். முதலில்
குழிக்கரண்டியில் நல்லெண்ணெய்,
நாலு பல் பூண்டு, ஒரு சிட்டிகை ஓமம்.
உள்ளங்கைக்குச் சூடு பொறுக்கும்போது
கழுத்திலிருந்து தோளுக்கு நீவினேன்.
ஊறாத மாவு மாதிரி இருந்தது.
அவசரப்பட்டால் கிழியும் என்று
கடைப் பையன்களிடம் இவர்தான் கத்துவார்.
அவசரப்படவில்லை.

தோள்பட்டை எலும்பின் ஓரம்
அரைநெல்லி அளவுக்கு ஒரு முடிச்சு.
கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.
'ஸ்ஸ்' என்றார்.
பதினோரு நாளில் முதல் சத்தம்.
பேச்சில் சேர்த்தியா, தெரியவில்லை.

நாற்பதாயிரம்.
என் சீட்டுப் பணம்.
சித்தப்பா மகன் அப்பாஸ் ஆட்டோ எடுக்க
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
எண்ணிக் கொடுத்த கை இதுதான்.
கொஞ்சம் கூடுதலாகவே அமுக்கினேன்.
'அங்கதான்' என்றார். 'அங்கயேதான்.'

கோபத்தில் வைத்த விரல்
சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
எடுக்கவும் மனமில்லை.
மூச்சை இழுத்து அவர் விடும்போதெல்லாம்
நெல்லிக்காய் கொஞ்சம் கடலையாகிறது.
கடலை கொஞ்சம் கடுகாகிறது.
நீவி விடு, உருவி விடு,
அமுக்கி விடு, பிடித்து விடு:
எந்தச் சொல்லை எடுத்தாலும்
வாலில் ஒரு விடு.
எனக்குப் பிடிக்க மட்டும்தான் தெரியும் போல.

கடைசியில் தைலம். கண் எரிய எரிய.
கை மெல்ல மேலே போனது.
ஆணியில் சட்டையை மாட்டியது.

மணி பார்க்கத் திரும்பினேன்.
கழுத்து வரவில்லை, இடுப்போடு சேர்ந்து
முழு ஆளும்தான் திரும்ப முடிந்தது.
பார்த்துவிட்டார்.
குழிக்கரண்டியில் மிச்சமிருந்ததைத் தொட்டு
என் பிடரியில் கை வைத்தார்.
சால்னா வாசம் போகாத கை.
மாவைத் தொடுவது போலத்தான் தொட்டார்,
எத்தனை கனம் தாங்கும், எங்கே கிழியும் என்று
விரல் நுனியிலேயே கணக்குப் போட்டு.
குனிந்தே கிடந்த பகல் முழுக்க
மடமடவென்று முதுகில் இறங்கியது.
'ஊறட்டும்' என்றார்.

மகள் புரண்டு படுத்தாள்.
'யாருத்தா தைலம் தேச்சது, நாறுது' என்றாள்,
பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனாள்.

பணத்தை நான் விடவில்லை.
நாலு நைட்டியும் அப்படியே கிடக்கின்றன.
ஆனால் இரண்டு பேர் கையிலும் எண்ணெய்.
துணியைத் தொட முடியாது.
கொஞ்ச நேரம்
வேறு எதுவும் செய்ய முடியாது,
பேசுவதைத் தவிர.