இரவு ஷிஃப்ட்

தைப்பூசக் கூட்டம் தண்ணீர்மலையை விட்டு இறங்கி
மூன்று வாரம் ஆகியிருந்தது.
எனக்கு ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது.
பூ பார்க்கப் போவோம் என்றார் புவனேஸ்.
லோஷினி ஓடிப்போய் ரோஸ் கவுனை மாட்டிக்கொண்டாள்.
அவள் வகுப்பு நாள்காட்டியில் ஏப்ரல் என்றால் ஜப்பான்,
மரமெல்லாம் இளஞ்சிவப்பு,
கீழே பாய் விரித்துச் சிரிக்கும் குடும்பம்.

பாலிக் பூலாவுக்கு மலையேறும் வளைவுகளில்
தக்‌ஷன் இரண்டு முறை வாந்தி எடுத்தான்.
இரண்டு முறையும் உள்ளங்கையை ஏந்தியவள்
என் நாத்தனார் சற்குணா.
"கொழந்தைன்னா அப்படித்தான்" என்றாள்.
யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

தியோவின் டுரியான் தோட்டத்தில் இறங்கினால்
பூவைக் காணோம்.
கிளைகளின் அடிவயிற்றில் கொத்துக் கொத்தாக
வாய் திறக்காத பச்சை உருண்டைகள்,
சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது.
"இதுக்கா இவ்ளோ தூரம்?" லோஷினிக்கு
உதடு பிதுங்கியது.
தியோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி
மலாயில் சொன்னார்:
இப்போது தூக்கம். இருட்டினால் வேலைக்கு வரும்.

அந்த மரத்தை எனக்கு
அந்த நிமிடமே பிடித்துப்போனது.
பதினோரு வருடமாக
ஆறே முக்கால் பஸ்ஸில் பாயான் லெப்பாஸ் போகிறவள் நான்.
கண்ணைத் தவிர எல்லாம் மூடிய வெள்ளை அங்கிக்குள்
விடிய விடிய சில்லு எண்ணிவிட்டு,
ஊர் ரொட்டி சானாய் கேட்கிற நேரத்தில்
திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறவள்.
என்னைப் பார்க்க
யாரும் இருட்டும்வரை காத்திருந்ததில்லை.

காத்திருந்தோம்.
கறிபாப் தீர்ந்தது. கொசுவர்த்தி பாதி தீர்ந்தது.
புவனேஸின் போனில் பேட்டரி செத்தது,
அதற்குப் பிறகுதான் அவர் மேலே பார்த்தார்.

ஏழரை இருக்கும்.
முதலில் வந்தது வாடை.
"அம்மா, தம்பியோட பழைய பால் போத்தல்!"
மூக்கைப் பொத்தினாள் லோஷினி.
உண்மைதான்: கழுவ மறந்து
கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன போத்தல்.
சற்குணா மட்டும்
மூச்சை மெதுவாக, ஆழமாக இழுத்தாள்.

தியோ டார்ச்சைத் தூக்கினார்.
அடிமரம் தொட்டு மேல்கிளைவரை
வெண்ணெய் நிறத்தில் ஆயிரம் குஞ்சங்கள்,
தலைகீழாக, தேன் சொட்ட.
ரோஸ் இல்லை. பாய் விரிக்க இடமும் இல்லை.
குடையை உதறி மடக்குகிற சத்தத்தோடு
வௌவால்கள் வந்தன.
ஒவ்வொன்றும் ஒரு விநாடிதான் நின்றது,
முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு
அடுத்த கிளைக்குப் போனது.
தக்‌ஷன் கை தட்டினான். அவனை யாரும் அடக்கவில்லை.

"இதில் எத்தனை காய்க்கும்?"
கேட்டது சற்குணா.
புவனேஸ் அவசரமாக என் கையைப் பிடித்தார்.
நூறு பூவுக்கு இரண்டோ மூன்றோ என்றார் தியோ,
அவருக்கு என்ன தெரியும்.
"மற்றதெல்லாம்?"
"நள்ளிரவில் விழுந்துவிடும்.
பெலாச்சான் போட்டு வதக்கிப் பாருங்கள்,
சோறு இறங்குவதே தெரியாது."

ஒரு கணம்.
பிறகு சிரித்தாள் சற்குணா.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர,
வௌவால்கள் வேறு மரத்துக்குப் போகிற அளவுக்கு.
என்ன சிரிப்பு அது என்று
இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பன்னிரண்டுவரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.
பிள்ளைகள் காரில் தூங்க,
பூ விழும் சத்தம் கேட்டது,
பொத், பொத்தென்று, தூறல் போடத் தயங்குவது போல.
அவள் மளிகைப் பையை விரித்துப் பொறுக்கினாள்.
நான் டார்ச் பிடித்தேன்.

திங்கள் இரவு. லாக்கர் முன்னால்
அங்கிக்குள் நுழையும்போது செய்தி வந்தது,
ஒரு தட்டின் படத்தோடு:
"உப்பு தூக்கல் அண்ணி. ஆனா முழுசும் நாந்தான் சாப்டேன்."

போனை வைத்துப் பூட்டினேன்.
தலைக்கவசத்தை இழுத்து மூடியதும்
முடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது
அந்தப் பால் வாடை.