நிகர எடை

மணி பன்னிரண்டு நாற்பது.
கே.ஜி. சாவடி எடைமேடையில்
கோழித்தீவன லாரி ஏறி நிற்கிறது.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றிருபது கிலோ.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
மேசைக்கடியில் இருந்த லேப்டாப்பை எடுக்கிறேன்.
அங்கே, எந்த ஊரிலோ, நல்ல வெயில்.
கறுப்புச் சட்டைக்காரர்கள் மேடையேறி
இனி வரப்போகும் உலகங்களை அறிவிக்கிறார்கள்.

காதில் ஷிபின், கஞ்சிக்கோட்டிலிருந்து.
பகலில் இரும்பு உருக்கும் கம்பெனி,
இரவில் என்னோடு வாள்.
அவனுக்கு எல்லாமே நான்கு நொடி முன்னால் ஓடுகிறது.
எல்லைக்கு அந்தப் பக்கம் நெட் வேகம் போல.
எனக்கு டிராகன் தெரியும் முன்பே
"எடீ, நோக்கு நோக்கு" என்று கத்திவிடுவான்.

முதலில் பனி. குதிரை. ஒருத்தியின் முதுகு.
ஏனோ எல்லா டிரெய்லரிலும்
முதுகைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.
அடுத்தது பழைய ஆட்டம், சாயம் பூசியது.
நான் பாலிடெக்னிக்கில் படிக்கையில் முடித்தது.
சுவர்களில் இப்போது ஈரம் மின்னுகிறதாம்,
அதற்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
மின்னட்டும்.
அதற்கடுத்ததற்கு என் கிராபிக்ஸ் கார்டு போதாது.
இந்தக் கார்டுக்கே இன்னும் ஐந்து தவணை பாக்கி.

கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.
வாளையாரிலிருந்து திரும்பும் காலி வண்டி.
பன்னிரண்டாயிரத்து எழுநூறு.
"தூங்கலையா பாப்பா?"
"தூங்கினா உங்களுக்கு யாருங்ண்ணா எடை போடுறது."

காலி எடை தெரிந்தால்தான் சரக்கின் எடை.
இந்த வேலையில் கணக்கே அவ்வளவுதான்.
ஒவ்வொரு டிரெய்லரையும் நான் அப்படித்தான் பார்ப்பேன்:
வயலினைக் கழி,
மெதுவாக விழும் சாம்பலைக் கழி,
கரகரத்த தொண்டையில் "அவர்கள் விழித்துவிட்டார்கள்" என்பவனைக் கழி.
பெரும்பாலும் மிஞ்சுவது
ஒரு பெயர், ஒரு வருடம்.
சிலதில் வருடமும் இல்லை, விரைவில்.

பிறகு அந்தக் கொம்பு ஊதியது.
எங்களுக்குத் தெரியாதா அந்தக் கொம்பு?
நீலக்கழி மூன்று.
இரண்டாம் பாகத்தில்தான், உடைந்த பாலத்தின் மேல்
செத்துக் கிடந்த என்னை
யாரென்றே தெரியாமல் எழுப்பிவிட்டுப் போனான்.
பெயரைக்கூட மறுநாள்தான் கேட்டேன்.
ஆறு வருடம் ஆகிறது. நேரில் பார்த்ததில்லை.
நடுவில் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்.

ஷார்ஜா விசா வந்துவிட்டது அவனுக்கு.
துலாமாசம் போகிறான். எனக்கு அது ஐப்பசி.
ஒரே அறையில் எட்டுப் பேராம்,
பன்னிரண்டு மணி நேர ஷிப்டாம்.
"ஆவணியில ஆட்டம் வந்துடும், ரெண்டு மாசம் போதும்
நமக்கு, முடிச்சிடலாம்" என்று
கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

திரையில் அலை. அலைக்கு மேல் கோட்டை.
கோட்டைக்கு மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாக.
ஷிபின் கத்தவில்லை.

நான்கு நொடி.

வெளியே கணவாய்க் காற்று
யாருடைய தார்ப்பாயையோ படபடவென அடித்தது.
இங்கே என் திரையில்
கோட்டைக் கதவு இன்னும் திறந்துகொண்டுதான் இருந்தது,
ஆட்டம் ஆவணியில் வருவதாகத்தான் இருந்தது.
ஒன்று.
அவன் மூச்சு விடுவது கேட்டது.
இரண்டு.
மூன்றில் எனக்கே தெரிந்துவிட்டது,
நான்காவதில் வந்த எழுத்தை நான் படிக்கவேயில்லை.
அடுத்த வருடம். எந்த மாதம் என்று போடவில்லை.
அரங்கில் அதற்கும் கைதட்டினார்கள்.

சிமெண்ட் லாரி ஒன்று மேடையேறி விட்டது.
காற்றடித்தால் எண் நிலைகொள்ளாது இந்த மேடையில்,
இருபது கிலோ ஏறும், நாற்பது இறங்கும்.
அவசரப்பட்டு பட்டனை அழுத்தினால்
முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

"எடீ," என்றான் ஷிபின், "போயோ?"

"இரு," என்றேன்,
"நம்பர் நிக்கட்டும்."